யன்னலோரக் கதிரை

ஓய்வுபெற்றவனைக் கூப்பிட்டுக் கோப்பியும் கேக்கும் கொடுத்தால் அவன் இரண்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் பேசுவான் என்பது என் பழைய அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டார்கள். ஆகவே நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

கூப்பிட்டவள் யானா. நகரசபையின் சமூகநலப் பிரிவில் நான் விட்டுவந்த மேசையில் இப்போது அவள்தான் இருக்கிறாள். அகதிகளுக்குக் கையில் காசு கொடுப்பதா, கடையில் காட்டி வாங்கும் அட்டை கொடுப்பதா என்று ஜேர்மனி முழுக்க நடக்கும் வாக்குவாதம் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது. இளம் ஊழியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கோப்பி மெஷினின் இரண்டு பக்கமும் நிற்கிறார்களாம். "உங்கள் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இருக்கவில்லைதானே, ஹெர் சிவம்?" என்று யானா கேட்டாள். எனக்குக் கேக் புரையேறிவிட்டது.

அன்று அவர்களுக்கு ஜேர்மன் மொழியில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். தமிழில் எழுதுவதில் ஒரு வசதி, வடையை வடை என்று எழுதிவிட்டுப் போகலாம். அங்கே வடைக்கு விளக்கம் சொல்லவே கால் மணித்தியாலம் போயிற்று.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. எழுபதுகளின் கடைசியில் டார்ம்ஸ்டாட்டுக்கு எந்திரவியல் படிக்க வந்தேன். கணிதத்தில் இரண்டு தரம் தோற்றேன். மூன்றாம் தரமும் தோற்பதற்கு முன், எண்பத்துமூன்றுக் கலவரத்தில் இலங்கையில், எங்கள் ஊரில், எல்லாம் எரிந்தது. அடுத்த வருடங்களில் எங்கள் சனம் கிழக்கு பெர்லின் வழியாக ஒரு பெட்டியும் ஒரு முகவரித் துண்டுமாக வந்து இறங்கத் தொடங்கியது. அந்த நேரம் தமிழும் ஜேர்மனும் தெரிந்தவன் என்றால் அவன் எந்திரவியலில் தோற்றானா வென்றானா என்று ஒருவரும் கேட்கவில்லை. தெற்கே ஓர் ஆறும் இரண்டு தேவாலயமும் உள்ள ஒரு சிறு நகரம் என்னை மொழிபெயர்ப்பாளனாக எடுத்துக்கொண்டது. ஊரின் பெயரை எழுதமாட்டேன். அந்த ஊரில் இன்னும் சிலர் எனக்குப் பிறந்தநாள் அட்டை அனுப்புகிறார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை.

என்னை வேலைக்கு எடுத்த பிரிவுத் தலைவி ஃப்ரௌ, அதாவது திருமதி, ப்ரென்டெல். ஐம்பது வயது, ஒடிசலான உடம்பு, குரல் உயர்ந்ததை நான் கேட்டதே இல்லை. பத்து மணிக்கு ஓர் அப்பிளை எடுத்துச் சின்னக் கத்தியால் எட்டுத் துண்டாக வெட்டுவார். ஏழு துண்டு சாப்பிட்டுவிட்டு எட்டாவதைத் தட்டின் ஓரத்தில் வைப்பார். கோபம் வந்தால் பேனாவின் மூடியை மூடுவார், அவ்வளவுதான். அந்த "டிக்" சத்தத்துக்கு எங்கள் பிரிவில் பெரிய பெரிய ஆட்களெல்லாம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் நாளே எனக்குக் கதிரைச் சட்டம் சொல்லித் தந்தார். அவருடைய அறையில் அவரது கதிரையைத் தவிர மூன்று கதிரைகள். மேசைக்கு முன்னால் இருப்பது வந்தவருக்கு. அதற்குப் பக்கத்தில், அரை முழம் பின்தள்ளி இருப்பது எனக்கு. மூன்றாவது, யன்னலோரம், எல்லோரும் கோட்டைக் கழற்றிப் போடுவதற்கு.

"அந்தக் கதிரையில் இருக்கும்வரை நீங்கள் ஹெர் சிவம் இல்லை," என்றார். "அவர் 'நான்' என்று சொன்னால் நீங்களும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இருமினால் மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்."

"எனக்குச் சொந்தமாக ஏதாவது சொல்ல வந்தால்?"

"எழுந்து போய் யன்னலோரக் கதிரையில் உட்காருங்கள். அங்கிருந்து சொல்வது உங்கள் கருத்து என்று நான் குறித்துக்கொள்வேன்."

ஒவ்வொரு நேர்காணலும் ஒரே மாதிரித்தான் தொடங்கும். கோப்பு இலக்கத்தை உரக்க வாசிப்பார். வந்தவருக்கு என் பேச்சு விளங்குகிறதா என்று என்னை வைத்தே கேட்பார். பிறகு என்னைப் பார்க்கவே மாட்டார், நேரே வந்தவரின் முகத்தைப் பார்த்துத்தான் கதைப்பார். நான் சுவரில் இருந்து வரும் குரல். சட்டப்படி "நான்", "நான்" என்றே பேசி, முதல் வருடத்தில் மட்டும் நான் நான்கு தரம் கர்ப்பமானேன், இரண்டு தரம் கடவுச்சீட்டைத் தொலைத்தேன், ஒரு தரம் என் மனைவியை விட்டு ஓடிப்போனேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. யன்னலோரக் கதிரையில் மட்டும் ஒரு நாளும் உட்காரவில்லை.

ஊர் எல்லையில் மூடிக்கிடந்த ஒரு பழைய தங்குவிடுதியைத்தான் அகதிகள் வீடாக்கியிருந்தார்கள். எல்லோரும் அதை ஹைம் என்பார்கள். மேல்மாடியில் எங்கள் ஆட்கள் முப்பது பேர், கீழே வேறு நாட்டுச் சனம். வேலை செய்ய அனுமதி இல்லை. கையில் சில்லறைச் செலவுக்குச் சொற்பக் காசு. சாப்பாட்டுக்குக் காசு கிடையாது, செவ்வாயும் வெள்ளியும் நகரசபை வாகனத்தில் பொதி வரும். பொதிக்குள் செங்கல் மாதிரிக் கறுத்த பாண், ஈரல் அரைத்து அடைத்த தகரப் பேணி, பன்றி இறைச்சி போட்ட பயற்றம் சூப், பன்றிக் கொழுப்பில் அவித்துப் போத்தலில் அடைத்த சிவப்பு முட்டைக்கோவா, ஜாம், பால். காசு கொடுத்தால் இன்னும் பலர் தேடி வருவார்கள் என்பது பொதியின் பின்னால் இருந்த தத்துவம். தத்துவம் என்னவோ, ஈரல் பேணியைத் திறந்தால் அந்த மாடியில் பாதிப் பேர் யன்னலைத் திறப்பார்கள்.

அந்த மாடியின் பேரறிஞர் பரமேஸ்வரி ரீச்சர். கொழும்பில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் படிப்பித்தவர். விதவை, பிள்ளைகள் இல்லை. எண்பத்துமூன்றில் வீடு போனபிறகு உடுத்த சேலையோடு வெளிக்கிட்டவர். வாழ்நாளில் முட்டைகூடத் தொடாத சுத்த சைவம். பொதி வந்ததும் ஆட்கள் பேணிகளைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுபோய் வெங்காயத்துக்கு மாற்றுவதை மாடிப்படியில் நின்று பார்த்துவிட்டு, "பாத்தியளோ தம்பி, காசைக் கையில குடுக்காட்டிச் சனம் பண்டமாற்றுக்குப் போகும். இதைப் பத்து வருஷம் கரும்பலகையில எழுதிப் படிப்பிச்சன். இப்பதான் செய்முறை காட்டுறாங்கள்," என்பார்.

ரீச்சருக்கு ஓர் அண்ணர் மெல்பேர்ணில் இருந்தார், பெயர் கனகசபை. கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். இருவருக்கும் கடிதப் போக்குவரத்து உண்டு, ஆனால் அதில் சுகம் விசாரிப்பது முதல் வரியோடு முடிந்துவிடும். மிச்சமெல்லாம் அரசியல் சண்டை. ஞாயிறு மத்தியானம் சமையலறையில் அந்தக் கடிதங்கள் உரக்க வாசிக்கப்படும். தலைமை ரீச்சர், கையில் அகப்பை. அகப்பையால் பானையில் ஒரு தட்டுத் தட்டினால் சபை அமைதியாக வேண்டும். எனக்கு விடுமுறை நாளென்றாலும் நான் தவறாமல் போய்விடுவேன். அந்த ஊரில் அதைவிட நல்ல பொழுதுபோக்கு இல்லை.

அண்ணர் எழுதுவார்: "இங்கே வேலையில்லாதவனுக்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு பெடியள் கடற்கரையில் அலைச்சறுக்குகிறார்கள். நான் வியர்வை சிந்திக் கட்டுகிற வரியில் அவர்களுக்குச் சூரியக் குளியல். கையை நீட்டி வாங்கப் பழகிய சமுதாயம் எழும்பாது. நீயும் அங்கே பழகிவிடாதே."

ரீச்சர் பதிலை எங்களுக்கு முன்னாலேயே எழுதுவார், எழுத எழுத வாசிப்பார். "அண்ணா, கையை நீட்டுவது வேறு, கணக்குக் கேட்பது வேறு. வேலை செய்யாதே என்று சட்டம் போட்டவன் சாப்பாடு போட வேண்டும். அது தர்மம் இல்லை, உரிமை. உரிமையைக் கேட்பவன் தலை குனியத் தேவையில்லை."

"ஓம் ரீச்சர், ஆனா அண்ணர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு," என்பான் யோகன். எல்லாக் கட்சியையும் எதிர்ப்பது அவனுடைய கட்சி. ஊரில் துண்டுப்பிரசுரம் ஒட்டியவன். "காசு, பொதி ரெண்டுமே முதலாளித்துவம் எங்களுக்குப் போடுற லஞ்சம். ரெண்டையும் நிராகரிக்க வேணும்."

"அப்ப அந்த ஜாம் போத்தலை இஞ்சால தாரும் பாப்பம்," என்பார் ரீச்சர். யோகன் தரமாட்டான். அகப்பை பானையில் தட்டும்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்ததில் ஒன்றை நாங்கள் கவனிக்கத் தவறிவிட்டோம். ரீச்சர் மெலிந்துகொண்டே போனார். பொதியில் அவர் சாப்பிடக்கூடியவை பாணும் ஜாமும் பாலும்தான். டுசல்டோர்ஃபில் இருந்த ஒரு பழைய மாணவி எப்போதாவது அஞ்சலில் அரிசியோ பருப்போ அனுப்புவாள். அது வந்தால் கொஞ்ச நாள் சோறு, வராவிட்டால் பாண். ஒரு செவ்வாய்க்கிழமை பொதி வாங்க நின்ற வரிசையிலேயே மயங்கி விழுந்தார். டொக்டர் சோதித்துப் பார்த்து, உடம்பில் இரத்தமே இல்லை, பருப்பு, கீரை, தானியம் என்று ஒழுங்காகச் சாப்பிடாவிட்டால் அடுத்த தடவை ஆஸ்பத்திரிதான் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அந்தக் கடிதத்தோடு ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினோம். பொதிக்குப் பதிலாகச் சாப்பாட்டுக் காசைக் கையில் தர வேண்டும் என்று கேட்டு. ஃப்ரௌ ப்ரென்டெல் மூன்று தரம் வாசித்தார்.

"ஒருவருக்கு மட்டும் என்னால் விதியை மாற்ற முடியாது. நகரசபையின் சமூகநலக் குழுதான் தீர்மானிக்க வேண்டும். அவர்கள் வியாழக்கிழமை நேரில் வந்து பார்க்கட்டும். பொதி போதுமா என்று கேட்பார்கள். போதாது என்று அவர்கள் காதால் கேட்டால் காரியம் நடக்கும்."

இதைவிடச் சுலபமாக ஒரு காரியம் இருக்க முடியுமா? ஒரு கேள்வி, ஒரு பதில். அதுவும் உரிமையைப் பற்றிக் கண்டம் தாண்டிக் கடிதம் எழுதுகிற ரீச்சரின் பதில். நான் புதன்கிழமை நிம்மதியாகத் தூங்கினேன்.

வியாழன் காலை பதினொரு மணிக்குக் குழு போனது. தலைவர் ஹெர் ஷ்டாங்கல், ஓய்வுபெற்ற புகையிரத நிலைய அதிபர், நல்ல பருமன், நேரம் தவறாதவர். பொதியே சரி என்று சபையில் உரத்துப் பேசுகிறவரும் அவர்தான். "பசிக்குப் பாண் கொடுப்போம், பணம் கொடுக்க மாட்டோம்" என்பது அவர் தேர்தல் துண்டில் போட்டிருந்த வாசகம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். அதைத் தருமம் என்றே மனதார நம்பினார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கு உறுப்பினர்கள், ஃப்ரௌ ப்ரென்டெல், கடைசியாக நான்.

வாசல் கேற்றிலேயே எனக்கு மணம் வந்துவிட்டது. பெருஞ்சீரகம், வெங்காயம், கொதிக்கிற எண்ணெய். என் வயிறு மகிழ்ந்தது, நெஞ்சு திடுக்கிட்டது.

சமையலறையில் மேசைக்கு வெள்ளைப் படுக்கை விரிப்பு விரித்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டில் கடலை வடை, கோபுரமாக. பக்கத்தில் ஜாம் போத்தலைக் கழுவி அதில் பூ வைத்திருந்தான் யோகன், முதலாளித்துவத்தை நிராகரித்தவன். தேத்தண்ணிக்குக் கோப்பைகள் கீழ்த்தளத்தில் இரவல் வாங்கியவை. ரீச்சர் இருந்ததில் நல்ல சேலையை உடுத்து, திருநீறு பூசி, வாசலில் நின்று கைகூப்பினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு டுசல்டோர்ஃபில் இருந்து முந்தின நாள்தான் பருப்புப் பார்சல் வந்திருந்தது எனக்குத் தெரியும். அந்த மாதம் முழுக்க அவரைக் காப்பாற்ற இருந்த பருப்பு அத்தனையும் அந்தத் தட்டில் இருந்தது.

"என்ன ரீச்சர் இது?" என்று நான் மெல்லக் கேட்டேன்.

"வந்தவையை வெறும் வாயோட அனுப்ப ஏலுமோ? எங்கட மானம் என்னாகிறது? சும்மா இருங்கோ தம்பி."

ஹெர் ஷ்டாங்கல் மரியாதைக்கு ஒன்றை எடுத்தார். கடித்தார். முகம் மலர்ந்தது. இரண்டாவதை எடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, நல்ல வடை. மூன்றாவதைத் தின்றுகொண்டே சுற்றிப் பார்த்து, "அருமையான மனிதர்கள், அருமையான சமையல்," என்றார். நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "சொல்லுங்கள் அம்மா. உங்களுக்குக் கிடைக்கிற உணவு போதுமாக இருக்கிறதா?"

நான் மொழிபெயர்த்தேன். ரீச்சர் அவருடைய கையில் இருந்த வடையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லை எண்டு சொல்லுங்கோ தம்பி. வீடு தேடி வந்த மனிசன், அதுவும் சாப்பிட்டுக்கொண்டு நிக்கேக்கை, எனக்குச் சாப்பாடு காணாது எண்டு எப்பிடிச் சொல்லுறது? வாய் வருகுதில்லை. ரெண்டு மாசமா வெறும் பாணிலதான் சீவிக்கிறன், உங்களுக்குத் தெரியும்தானே. ஆனா இப்ப வேண்டாம். அந்தாள் நிம்மதியாச் சாப்பிடட்டும்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒரு குறையும் இல்லை," என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை விழுங்கிவிட்டேன். ஏன் என்று யானாவுக்கு விளக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. இதை வாசிக்கிற உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. விருந்தாளி வாயில் வைத்த கவளத்தை அவர் தொண்டையிலேயே நிறுத்துகிற மாதிரி ஒரு பேச்சை, அதுவும் எங்கள் ரீச்சரின் வறுமையை, பிற ஆட்களுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? எனக்கும் வாய் வரவில்லை. கதிரைச் சட்டத்தை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். எங்கள் ஊர் வளர்ப்பு அங்கே என்னையும் மடக்கிவிட்டது.

ஹெர் ஷ்டாங்கல் ஐந்தாவது வடையோடு புறப்பட்டார்.

வெள்ளிக்கிழமை அவருடைய அறிக்கை வந்தது. பொதி போதுமானது மட்டுமல்ல, வாழ்பவர்கள் அதைக்கொண்டு விருந்தே சமைக்கிறார்கள், விண்ணப்பதாரரே குறையில்லை என்று கூறினார், ஆகவே விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். திங்கட்கிழமைக் கூட்டத்தில் கை உயர்த்தினால் முடிந்தது.

பத்து மணிக்கு ஃப்ரௌ ப்ரென்டெல் என்னைக் கூப்பிட்டார். அப்பிள் வெட்டப்படாமல் முழுதாகக் கிடந்தது.

"ஹெர் சிவம், எனக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எனக்கு நேரம் பார்க்கத் தெரியும். அந்த அம்மா பேசியபோது ஹெர் ஷ்டாங்கல் ஒரு வடையைத் தின்று முடித்தார். நீங்கள் பேசியபோது அவர் ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. மிச்சம் எங்கே?"

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மிச்சத்தைச் சொன்னேன். பேனா மூடி "டிக்" என்றது.

"இப்போது நான் குழுவிடம் போய்ச் சொன்னால் அது அலுவலகத்தின் வம்பு. நீங்கள் சொன்னால் உங்கள் கருத்து என்பார்கள். அது கருத்தல்ல. அந்த அம்மா சொன்ன வார்த்தை, நீங்கள் கொடுக்க மறந்த பொருள். திங்கட்கிழமை கொண்டுவந்து கொடுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு."

சனிக்கிழமை ஹைமுக்குப் போனேன். ரீச்சர் பாணைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நாலு பேர் சபையில என்னைப் பிச்சைக்காரி ஆக்கப் போறியளோ?"

"ரீச்சர், போன ஞாயிறு அண்ணருக்கு என்ன எழுதினீங்கள்? உரிமையைக் கேக்கிறவன் தலை குனியத் தேவையில்லை எண்டுதானே?"

"எழுதினனான்."

"அப்ப?"

அவர் பாணின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது அவர்மேல் கொஞ்சம் கோபமும் இருந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும். அத்தனை தத்துவம் பேசுகிறவருக்கு ஒரு வசனம் பேச ஏலாதா என்று. ஆனால் அந்த வசனத்தை நானே விழுங்கியவன், எந்த வாயால் கேட்பது?

"எழுதிறது லேசு தம்பி," என்றார் கடைசியில். "கரும்பலகையில எழுதிறதும் லேசு. முகத்தைப் பாத்துச் சொல்லுறதுதான் ஏலாது." பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "சரி, சொன்னதைச் சொல்லுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நானும் வாறன்."

திங்கட்கிழமை நகரசபை மண்டபத்துக்குள் போனதும் நான் கண்ட முதல் காட்சியில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேக்குக் கதிரைகள் வரிசையாகப் போட்ட அந்த மண்டபத்தின் யன்னலோரம், எங்கள் அலுவலகத்தின் பழைய மரக்கதிரை நின்றது. ஃப்ரௌ ப்ரென்டெல் காவலாளியைக் கொண்டு இரண்டு மாடி தூக்கி வரச் செய்திருக்கிறார். ஒரு கால் ஆடும், கோட்டுகள் போட்டுப் போட்டு முதுகு வழுவழுத்தது. அதேதான்.

எங்கள் விஷயம் வந்ததும் நான் எழுந்து போய் அதில் உட்கார்ந்தேன். கதிரை கிறீச்சிட்டது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"என் பெயர் சிவம்," என்றேன். அந்த ஊரில் சபையில் எனக்காக நான் சொன்ன முதல் "நான்" அதுதான். "வியாழக்கிழமை நான் ஒரு பிழை செய்தேன். இந்த அம்மா சொன்னதில் முதல் வசனத்தை மட்டும் சொன்னேன். மிச்சத்தை இப்போது சொல்கிறேன்."

ரீச்சரின் ஒவ்வொரு வசனத்தையும் சொன்னேன். "ரெண்டு மாசமா வெறும் பாணிலதான் சீவிக்கிறன்" என்பதையும், "அந்தாள் நிம்மதியாச் சாப்பிடட்டும்" என்பதையும்.

ஹெர் ஷ்டாங்கல் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கழுத்து சிவந்து, சிவப்பு காது வரை ஏறியது. "அப்படியானால் அந்தப் பலகாரம்? அது எதில் செய்தது?"

"அந்த அம்மாவின் ஒரு மாதப் பருப்பில்."

ஹெர் ஷ்டாங்கல் ரீச்சரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டார். "நான் எத்தனை சாப்பிட்டேன், அம்மா?"

இதை மொழிபெயர்க்க வேண்டுமே. நான் யன்னலோரத்தில் இருந்து எழுந்து ஓடிப்போய், ரீச்சருக்குப் பக்கத்தில் அரை முழம் பின்தள்ளி இருந்த என் கதிரையில் உட்கார்ந்து, சுவரின் குரலாக மாறி, தமிழில் கேட்டேன்.

ரீச்சர் நிமிர்ந்தார். முதல் தடவையாக என்னைப் பார்க்காமல் நேரே அவரைப் பார்த்துச் சொன்னார். "விருந்தாளி சாப்பிட்டதை நாங்கள் எண்ணுறதில்லை. ஆனா நாளைக்கும் நீங்கள் வந்தால் சுட்டுத் தாறதுக்கு எனக்குப் பருப்பு வேணும். அதைத்தான் கேக்கிறன்."

இந்தத் தடவை ஓர் எழுத்தையும் விழுங்கவில்லை. அவர் பேசிய நீளத்துக்கு நானும் பேசினேன். ஃப்ரௌ ப்ரென்டெலின் கண் சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைக் கடைக்கண்ணால் பார்த்தேன்.

அன்றோடு ஹெர் ஷ்டாங்கல் மனம் மாறி எல்லோருக்கும் காசு வழங்கினார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும், ஆனால் பொய். எழுந்து நின்று, தான் கொள்கையை மாற்றவில்லை என்று பத்து நிமிடம் பேசினார். காசு கொடுப்பது இப்போதும் தவறு என்றார். ஆனால் பொதியைத் தின்ன முடியாதவருக்குப் பொதி கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான் என்றார். ஆகவே பரீட்சார்த்தமாக, மூன்று மாதத்துக்கு மட்டும், பொதியைத் தின்ன முடியாதவர்களுக்குச் சாப்பாட்டுக் காசு. எல்லாக் கையும் உயர்ந்தது. அந்த மூன்று மாதம் எப்போது முடிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஹைமை மூடும்வரை அது முடியவில்லை. தின்ன முடியாதவர்களின் பட்டியலில் மேல்மாடி முழுவதும் இருந்தது. யோகன் கொள்கை அடிப்படையில் என்று காரணம் எழுதிக் கொடுத்தான், அதையும் நான் அப்படியே மொழிபெயர்த்தேன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ஃப்ரௌ ப்ரென்டெல் அப்பிளை வெட்டினார். எட்டாவது துண்டைத் தட்டோடு என் பக்கம் தள்ளினார். அவரிடம் பாராட்டு வாங்கியவர்கள் அந்த அலுவலகத்தில் மிகக் குறைவு.

ரீச்சர் தேறினார். முதல் காசில் இரண்டு கிலோ பருப்பு வாங்கிவிட்டு மெல்பேர்ணுக்கு வெற்றிச் செய்தி எழுதினார். அண்ணர் விடுவாரா? "நீ உரிமையால் வெல்லவில்லை. வடை சுட்டு வென்றாய். உழைத்துச் சம்பாதித்தாய். என் கட்சிதான் வென்றது," என்று பதில். அந்த ஞாயிறு சமையலறையில் அகப்பை உடைந்தது.

எண்பத்தெட்டில் ரீச்சர் அண்ணரிடமே அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். இனி இருவரும் ஒரே வீட்டில் சண்டை பிடிப்பார்கள், தபால் செலவு மிச்சம் என்று சிரித்தோம். அதன்பிறகு எனக்கு அவரிடமிருந்து வந்தது ஒரே ஒரு கடிதம், எண்பத்தொன்பதின் முடிவில். அதை யானாவிடம் கடைசியாகச் சொன்னேன்.

அண்ணரின் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயதில் யார் வேலை கொடுப்பார்? சேமிப்புக் கரைந்தது. அரசாங்கக் காசுக்கு எழுதிப்போடச் சொன்னால், செத்தாலும் அந்த வரிசையில் நிற்க மாட்டேன் என்று ஆறு கிழமை படுத்துக் கிடந்தார். பிறகு ரீச்சர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அங்கே கவுண்டரில் இருந்த பெண் அன்பாகத்தான் கேட்டாளாம், வீட்டில் ஏதும் கஷ்டமா என்று.

"அண்ணர் சட்டைக் கொலரைச் சரிசெய்துபோட்டு, ஒரு குறையும் இல்லை எண்டு இங்கிலீசில சொன்னார்," என்று ரீச்சர் எழுதியிருந்தார். "அந்தப் பிள்ளை பைலை மூடப் போனாள். எனக்கு உங்கட முகம் ஞாபகம் வந்தது. பக்கத்தில ஒரு கதிரை சும்மா கிடந்தது. எழும்பிப் போய் அதில இருந்தன், தம்பி. இருந்துகொண்டு, என்ர அரைகுறை இங்கிலீசில, மிச்சத்தைச் சொன்னன்."